பகலில் ஜிஐஎஸ், பத்து நாள் நம்பர் ஃபோர்: யாருக்கு எந்த வழி?

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேர் என்னிடம் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவன் என் அக்கா மகன். வயது 29. கட்டாய ராணுவப் பணியான முழுநேர தேசிய சேவையில் அவனுக்குக் கிடைத்தது போக்குவரத்துப் பிரிவு. 2 வருஷம் லாரி ஓட்டினான். வெளியே வந்து பட்டம் வாங்கி, இப்போது ஓர் ஆலோசனை நிறுவனத்தில் ஜிஐஎஸ், அதாவது கணினியில் வரைபடத் தரவைக் கையாளும் வேலை பார்க்கிறான். ஐசிடிக்கு, அதாவது முழுநேர சேவைக்குப் பிறகும் தொடரும் முகாம் பயிற்சிக்கு, அழைப்பு வந்தால் மட்டும் நம்பர் ஃபோர் சீருடையை மாட்டிக்கொண்டு மறுபடியும் லாரிதான். இன்னொருவர் என்னோடு வேலை பார்க்கும் பட்டுக்கோட்டைத் தம்பி. கிண்டியில் ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் படித்து இங்கே வேலைக்கு வந்தவர், 3 வருஷத்துக்கு முன்னால் நிரந்தரவாசி ஆனார். அவருக்குத் தேசிய சேவைக் கடமை கிடையாது. ஆசைதான் இருக்கிறது.

“மாமா, அமெரிக்க ராணுவத்துல ஜியோஸ்பேஷியல் எஞ்சினியர்னே ஒரு வேலை இருக்காம். பகுதிநேரமாவே சேரலாமாம். இங்கே அப்படி எதுவும் இல்லையா?” என்றான் அவன்.

“எனக்கும் அதேதான் அண்ணே” என்றார் இவர், தோசையைப் பிய்த்தபடி.

அன்றைக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் பாதி தப்பு. இருவருக்கும் ஒரே பதிலைச் சொன்னதுதான் பெரிய தப்பு. நான் நில அளவைத் துறையில் 20 வருஷத்துக்கு மேல் இருப்பவன், காலாட்படையில் 10 ஆண்டு முகாம் பயிற்சிச் சுற்றை முடித்து எம்ஆர், அதாவது இருப்புப் பட்டியலில் மட்டும் இருப்பவன், ஆனவன். இந்த இரண்டு உலகத்திலும் கொஞ்சம் அடிபட்ட அனுபவத்தில், இந்த முறை நிதானமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் அந்த அமெரிக்க வேலை. அங்கே தரைப்படையில் அதற்கு 12ஒய் என்று குறியீடு. முழுநேரமாகவும் சேரலாம், ரிசர்வ் படை வழியாகவும் சேரலாம். ரிசர்வ் என்றால் மாதத்தில் ஒரு வார இறுதி, ஆண்டில் 2 வாரம் என்பது பழைய கணக்கு. ஆனால் அதற்கு முன்னால் 10 வாரம் அடிப்படைப் பயிற்சி, பிறகு மிசூரி மாநிலத்தின் ஃபோர்ட் லெனர்ட் வுட்டில் சுமார் 20 வாரம் தொழிற்பயிற்சி. வரைபடம் என்றால் என்னவென்றே தெரியாத 19 வயதுப் பையனை எடுத்து, நிலத்தின் சாய்வு, மண், மரமூடாக்கு, ஆற்றைக் கடக்கும் இடம் எல்லாவற்றையும் கணினியில் அடுக்கிக் காட்டுபவனாக ராணுவமே மாற்றுகிறது. பிரிட்டனிலும் சர்ரே பகுதியில் ஈவெல் என்ற ஊரில் 135 ஜியோகிராஃபிக் ஸ்குவாட்ரன் என்று ரிசர்வ் படையினருக்கே ஓர் அணி உண்டு. அமெரிக்கப் படையில் சேரக் குடியுரிமையோ பச்சை அட்டையோ வேண்டும். ஆகவே அது நமக்கு வேடிக்கை பார்க்க மட்டும்.

நாள் கணக்கை மட்டும் பார்த்தால் நம் ஊர் ஒன்றும் குறைச்சல் இல்லை. மாதம் ஒரு வார இறுதியும் 2 வாரமும் சேர்ந்தால் 38 நாள் வருகிறது. இங்கே முழுநேர சேவையை முடித்த போர்க்காலப் படைவீரரை ஆண்டுக்கு 40 நாள் வரை அழைக்கலாம். வித்தியாசம் எங்கே என்றால், அங்கே ராணுவம் தொழிலைக் கற்றுக்கொடுக்கிறது. இங்கே பகுதிநேரமாக வருபவனிடம், தொழிலை நீயே கற்றுக்கொண்டு வா என்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் எந்த வழியை எடுத்தாலும் ஒரு வருஷத்தில் முகம் வாடிவிடும்.

அந்த வேலையில் என்னதான் இருக்கிறது

ராணுவமும் நில அளவையும் நேற்றுச் சேர்ந்தவை அல்ல. பட்டுக்கோட்டைத் தம்பி படித்த கிண்டிக் கல்லூரியே 1794-ல் சர்வே பள்ளியாகத்தான் தொடங்கியது. 1802-ல் இந்தியாவின் பெரும் முக்கோண அளவைக்குப் பரங்கிமலை அருகே அடிப்படைக் கோடு அளந்த லாம்டன் ஒரு காலாட்படை அதிகாரி. இங்கேயும் அப்படித்தான். சிங்கப்பூரின் பழைய நிலப்படத் தாள்களின் ஓரத்தைப் பார்த்தால், தற்காப்பு அமைச்சின் மேப்பிங் யூனிட் என்று போட்டிருக்கும்.

வேலையின் சாரத்தைச் சொல்ல, நான் அசடு வழிந்த கதை ஒன்றைச் சொல்கிறேன். பல வருஷத்துக்கு முன் நண்பர்களோடு ஜொகூரில் ஒரு மலை ஏறப் போனேன். கையில் யாரோ நகலெடுத்துக் கொடுத்த பழைய மலேசிய நிலப்படம், தோள்பையில் புதிதாக வாங்கிய கைக்கருவி ஜிபிஎஸ். ஆற்றங்கரையில் நின்று கருவியைப் பார்த்து, அட்சரேகை தீர்க்கரேகையைப் படத்தில் குறித்து, “இதோ, இந்த முகட்டில் ஏறணும்” என்று காட்டினேன். ஏறினோம். முக்கால் மணி நேரம் ஏறினோம். அது பக்கத்து முகடு. படம் கெர்த்தாவ் 1948 டேட்டத்தில், அதாவது அந்தக் கால அளவை அடிப்படையில், வரையப்பட்டது, கருவியோ டபிள்யூஜிஎஸ்84-ல் எண்களைக் கொடுத்தது. இந்த வட்டாரத்தில் இரண்டுக்கும் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 200 மீட்டர் வித்தியாசம். தாளின் ஓரத்தில் அது அச்சிடப்பட்டே இருந்தது, நான்தான் படிக்கவில்லை. தினமும் மில்லிமீட்டருக்குச் சண்டை போடுகிறவன் 200 மீட்டரைக் கோட்டைவிட்டேன். நண்பர்கள் இன்னும் அதை விடவில்லை. கல்யாண வீட்டில் பந்திக்கு வழி கேட்டால்கூட “இவன்கிட்ட கேக்காதே” என்கிறார்கள்.

எனக்கு அன்று போனது முக்கால் மணி நேரமும் கொஞ்சம் மானமும். பீரங்கியோ ஹெலிகாப்டரோ அந்த எண்ணை நம்பிப் போயிருந்தால் கதை வேறு. ராணுவப் புவியிடப் பொறியாளர் தினமும் பார்ப்பது இந்த மாதிரி விவகாரங்களைத்தான். நம் அலுவலகத்தில் எல்லாம் எஸ்விஒய்21 என்ற சிங்கப்பூரின் சொந்த ஆயத்தொலை முறையில் ஓடுகிறது. 2004 முதல் நிலப் பதிவு முழுக்க அதில்தான். அதன் மூலப்புள்ளி 1 பாகை 22 கலை வடக்கு, 103 பாகை 50 கலை கிழக்கு. அங்கே கிழக்கு எண் 28,001.642 மீட்டர், வடக்கு எண் 38,744.572 மீட்டர். அதே புள்ளியை யூடிஎம் என்ற உலகப் பொது முறையின் 48-ஆம் மண்டலத்தில் எழுதினால் கிழக்கு எண் சுமார் 370,000, வடக்கு எண் சுமார் 151,000. பல நாட்டு ராணுவங்கள் பேசிக்கொள்வது இதை ஒட்டிய எம்ஜிஆர்எஸ் என்ற ராணுவ வரைபடக் கட்டங்களில். (இந்தப் பெயரைச் சொன்னதும் பட்டுக்கோட்டைத் தம்பி சத்தமாகச் சிரித்துவிட்டார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.) ஓர் எண்ணைக் கேட்டதும் அது எந்த மொழியில் பேசுகிறது என்று சந்தேகப்படுவதுதான் இந்த வேலையின் பாதி.

மீதிப் பாதி, தரையைப் படிப்பது. ஒரு மேட்டில் நின்றால் எவ்வளவு தூரம் தெரியும் என்று கணினியில் கணக்குப் போடுவது ஐந்து நிமிஷ வேலை. ஆனால் எந்த உயரத் தரவில் போட்டாய் என்பதுதான் கேள்வி. மர உச்சியையும் சேர்த்து அளந்த மேற்பரப்பில் போட்டால், காட்டுக்குள் நிற்கிறவனை மரத்தின் தலையில் ஏற்றிவிட்டதாகிவிடும். தீவு முழுக்கத் தெரிகிறது என்று கணினி சொல்லும். வெறும் தரையில் போட்டால் மரமே இல்லை என்று நினைத்துக்கொள்ளும். சிங்கப்பூரின் மிக உயர்ந்த இடமான புக்கிட் தீமா குன்றே 164 மீட்டருக்குள்தான். இவ்வளவு தட்டையான ஊரில் 25 மீட்டர் மரம் என்பது சின்ன விஷயம் இல்லை. லிம் சூ காங் பக்கம் ராத்திரி டோப்போ, அதாவது வரைபடத்தை வைத்து வழி காணும் பயிற்சி, நடந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சரி, வழிகளுக்கு வருகிறேன்.

இருக்கிற யூனிட்டிலேயே இருந்துவிடுவது

மருமகனைப் போன்றவர்களுக்கு இதுவும் ஒரு தேர்வுதான், யாரும் அப்படி எண்ணுவதில்லை. 10 ஆண்டுச் சுற்றில் 7 ஹைகீ (நீண்ட முகாம்), 3 லோகீ (குறுகிய முகாம்). அவன் பாதிக்கு அருகில் வந்துவிட்டான். முதல் ஐசிடியில் தெரியாத முகமாக இருந்தவர்கள் இப்போது அவன் கல்யாணத்துக்கு வந்து ஒரு மேசை நிறைய உட்கார்ந்தவர்கள். ஒருவர் வாடகைக்கார் ஓட்டுகிறார், ஒருவர் வங்கியில் இருக்கிறார், இன்னொருவர் மீன்குஞ்சு விற்கிறார். ஆண்டில் பத்து நாள் மூளைக்கு விடுமுறை கொடுத்து, லாரி எண்ணெயைப் பார்த்து, பிரேக்கைப் பார்த்து, டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு வருவது அவனுக்குப் பிடிக்கவும் செய்கிறது. கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டான்.

இதில் இழப்பு என்ன? அவன் படித்த படிப்பு முகாம் வாசலில் நின்றுவிடுகிறது. அது அவனுக்கு இழப்பு என்பதைவிட ராணுவத்துக்கு இழப்பு. ராணுவத்துக்கே அது புரிந்ததால்தான் அடுத்த வழி வந்தது.

நிபுணத்துவத்தை வைத்து மாறுவது

இஇடிஎஸ் என்று சுருக்கிச் சொல்லும் நிபுணத்துவப் பணியமர்வுத் திட்டம் ஒன்று இருக்கிறது. வெளியே ஒரு தொழிலில் தேர்ந்தவராக இருக்கும் போர்க்காலப் படைவீரரை அந்தத் தொழிலுக்குப் பொருத்தமான பணிக்கு மாற்ற அது வகை செய்கிறது. 2022 அக்டோபரில் மின்னிலக்க, உளவுத்துறைச் சேவை ராணுவத்தின் நான்காவது பிரிவாக உருவான பிறகு, தரவோடு புழங்குகிறவர்களுக்குப் போக ஓர் இடமும் இருக்கிறது.

மருமகன் கேட்டதற்கு உண்மையில் நெருங்கி வருவது இதுதான். அவனுக்குக் கூடுதலாக நாள் கொடுக்க வேண்டியதில்லை. எப்படியும் கொடுக்கிற அதே நாட்கள்தான், அதே சட்டம்தான். முதலாளி விடுப்புத் தர மறுக்க முடியாது, சம்பள இழப்பீடும் அதே வழியில்தான் வரும். மாறுவது அந்த நாட்களில் செய்யும் வேலை மட்டும்.

ஆனால் சில விஷயங்களை அவனிடம் அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஒன்று, விண்ணப்பித்தால் கிடைக்கும் என்று இல்லை. ராணுவத்துக்கு அந்த ஆள் வேண்டும், பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும். நீ ஜிஐஎஸ் தெரிந்தவன் என்பதால் ஜிஐஎஸ் நாற்காலி காலியாக இருக்க வேண்டும் என்பதில்லை. அடுத்தது, அங்கே செய்ததை வெளியே காட்ட முடியாது. இது நம் தொழிலில் பெரிய விஷயம். நாம் வேலை தேடும்போது செய்த வரைபடங்களைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள். முகாமில் நீ போட்ட மிக அழகான வேலையைப் பற்றி நேர்முகத் தேர்வில் ஒரு வரிகூடச் சொல்ல முடியாது. படம் முகாமிலேயே இருக்கும். வீட்டில் மனைவி “இன்னிக்கு என்ன செஞ்சே?” என்று கேட்டாலும் “சாப்பாடு நல்லா இருந்துச்சு” என்பதோடு முடித்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. பத்து நாளில் யாரும் மென்பொருள் கற்றுக்கொள்ள மாட்டார்கள். கடந்த ஆண்டு விட்ட இடத்தை நினைவுக்குக் கொண்டுவரவே முதல் 2 நாள் போகும். அலுவலகத்தில் இருந்து முகாமுக்கு அறிவு போகும். முகாமில் இருந்து அலுவலகத்துக்குத் திரும்பி வருவது ரொம்பக் கொஞ்சம். வருவது என்னவென்றால், அவசரத்தில் முடிவெடுக்கிறவருக்கு ஒரு பக்கத்தில் படம் போட்டுக் கொடுக்கும் பழக்கம். நம் ஆட்கள் 14 அடுக்கு, 9 நிறம், மூலையில் மூன்று லோகோ என்று வரைவார்கள். அதிகாரி கேட்பது, லாரி இந்தப் பாதையில் போகுமா போகாதா என்பது மட்டும். அந்தப் பழக்கம் ஒன்று வந்தாலும் லாபம்தான் என்பேன்.

தொண்டூழியர் படை

பட்டுக்கோட்டைத் தம்பிக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அவருக்கு இருக்கும் ஒரே பகுதிநேர வாசல் சிங்கப்பூர் ஆயுதப் படையின் தொண்டூழியர் படை. தேசிய சேவையை வலுப்படுத்துவதற்கான குழு 2014-ல் கொடுத்த பரிந்துரைகளில் இருந்து வந்தது இது. முதல் அணி 2015 மார்ச்சில் பயிற்சிக்குப் போனது. முதல் தலைமுறை நிரந்தரவாசிகள், புதிய குடிமக்கள், பெண்கள் என்று தேசிய சேவைக் கடமை இல்லாத 18 முதல் 45 வயது வரையிலானவர்களுக்கானது. கிளிமெண்டி பக்கம் மாஜு முகாமில் இயங்குகிறது. சுமார் 4 வாரப் பயிற்சி, பிறகு ஆண்டுக்கு 7 முதல் 14 நாள்.

இங்கேதான் நான் அன்றைக்குத் தப்பாகச் சொன்னேன். “அங்கே போங்க தம்பி, ஜிஐஎஸ் தெரிஞ்ச ஆள்னா அள்ளிக்குவாங்க” என்றேன். இந்தப் படையில் பொதுப் பணிகளும் உண்டு, நிபுணர் பணிகளும் உண்டு. விமானத் தள சிவில் பொறியாளர், சட்ட நிபுணர், உளவியலாளர், தகவல்தொடர்பு நிபுணர், கப்பலின் கட்டுப்பாட்டுத் தளத்தில் நிற்கும் கண்காணிப்பாளர் என்று பட்டியல் நீளும். அதே படையில்தான் ஜூரோங் தீவு போன்ற முக்கிய இடங்களில் காவல் பணிக்கு நிற்கும் பாதுகாப்புத் துருப்பினரும் இருக்கிறார்கள். வரைபடம் தெரிந்தவர் என்பதற்காக வரைபடம் கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. கையில் துப்பாக்கியோடு சோதனைச் சாவடியில் நிற்கும் வேலை கிடைத்தாலும் மனம் கோணாமல் நிற்க முடியுமா? அந்தக் கேள்விக்கு ஆம் என்றால் போகலாம். இல்லை என்றால், மூன்றாம் நாள் கால் வலிக்கும்போது, “நான் கிண்டியில் படித்தவன்” என்ற நினைப்பு வரும்.

தொழிலுக்காக இந்த வழியைத் தேர்வது சரிப்படாது. இந்த ஊரோடு ஒட்டுவதற்காகத் தேர்ந்தால் இதைவிட நல்ல வழி தெரியவில்லை. நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலருக்கு இங்கே பத்து வருஷம் ஆனாலும் வட்டம் அலுவலகம், கோயில், ஊர்ச் சங்கம் என்று சுருங்கியே இருக்கிறது. பக்கத்து மேசையில் சீன நண்பர் தன் ஐசிடி கதையை ஆரம்பித்ததும் நாம் கைப்பேசியை எடுத்துக்கொள்கிறோம். அந்தக் கதைக்குள் போக ஒரு கதவு வேண்டும் என்றால் 4 வாரம் பெரிய விலை இல்லை. அதோடு அவருக்கு இங்கே ஒரு மகன் பிறந்திருக்கிறான். அவன் நிரந்தரவாசியாகவோ குடிமகனாகவோ இங்கேயே வளர்ந்தால் 18 வயதில் கட்டாயம் போகத்தான் வேண்டும். அப்பா ஒரு தடவை அந்தத் தலைமுடி வெட்டை அனுபவித்திருந்தால் பிள்ளைக்கும் அப்பாவுக்கும் பேச ஒரு விஷயம் இருக்கும்.

பெண்களுக்கும் இது திறந்த வாசல். எங்கள் துறையில் இப்போது பெண்கள் நிறைய. களப்பணியில் டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்கிறவர்களுக்கு முகாம் வெயில் ஒன்றும் புதிது இல்லை. இந்தத் தேர்வை நாங்கள் பேசும்போதெல்லாம் ஆண் பிள்ளைகளை மட்டும் மனதில் வைத்துப் பேசுகிறோம் என்பது எழுதும்போதுதான் உறைக்கிறது.

ஒரு நடைமுறை எச்சரிக்கை: விடுப்பு விஷயத்தைச் சேருவதற்கு முன்பே அலுவலகத்தில் பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தொண்டூழியம் என்றால் சிலர் ஞாயிற்றுக்கிழமைக் கோயில் வேலையைப் போல நினைத்துக்கொள்கிறார்கள்.

முழுநேரமாகவே போய்விடுவது

பகுதிநேரம் பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று கேட்கலாம். காரணம் எளிது. ராணுவத்தின் புவியிடத் தகவல் வேலையை, அதாவது அந்த வேலையை மட்டும், ஒருவர் ஆசைப்பட்டால் அதற்கு முழுநேரம்தான் நேரான வழி. சீருடை வேண்டும் என்றால் 2010-ல் வந்த ராணுவ நிபுணர் திட்டம். சீருடை வேண்டாம் என்றால் தற்காப்பு அமைச்சின் டிஎக்ஸ்ஓ எனப்படும் சீருடை இல்லாத அதிகாரிப் பணிகள், அல்லது தற்காப்பு அறிவியல் தொழில்நுட்ப அமைப்பான டிஎஸ்டிஏ. சுருக்கமாகச் சொன்னால், பத்து நாள் ருசி பார்த்துவிட்டு முழுச் சாப்பாட்டுக்குப் போகலாம் என்று பகுதிநேரத்தில் சேருகிறவர்கள் நேராகச் சாப்பாட்டுக்கே போய்விடுவது நல்லது. மருமகனைக் கேட்டேன். “வேணாம் மாமா, இப்ப இருக்கிற பாஸ் நல்லவரு” என்றான். அதற்கு மேல் நான் என்ன சொல்ல.

என் வயதுக்காரர்களுக்கு ரோவர்ஸ் என்று ஒன்று உண்டு. சுற்றை முடித்த பிறகும் விரும்பித் தொடரலாம். எனக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை, ஆகவே அதை இத்தோடு விடுகிறேன்.

சீருடையே இல்லாமல்

பட்டுக்கோட்டைத் தம்பிக்கு இந்த ஆசை எங்கே தொடங்கியது என்று கேட்டபோது சொன்னார். 2004 டிசம்பர் 26 அன்று அவருக்கு 9 வயது. நாகப்பட்டினத்தில் பெரியம்மா வீடு. இரண்டு நாள் தகவலே இல்லை. எந்தத் தெரு இருக்கிறது, எது இல்லை என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. “அப்போ யார்கிட்டயாவது ஒரு சரியான மேப் இருந்திருந்தா...” என்று ஆரம்பித்து, முடிக்காமல் தேநீரைக் குடித்தார்.

அதே சுனாமிக்குச் சிங்கப்பூர் ராணுவம் ஆச்சேயின் மெலாபோவுக்குத் தரையிறங்கு கப்பல்களை அனுப்பியது. பழைய படத்தில் இருந்த கரை அங்கே கரையாக இல்லை. கனரக வாகனங்களைக் கரையேற்றும் இடத்தைப் பொறியாளர்கள் புதிதாக உண்டாக்கினார்கள். எந்த மணல் தாங்கும், எந்தச் சாலை துண்டாகியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வதும் புவியிட வேலைதான், சண்டையைவிட இந்த மாதிரி நேரத்தில்தான் அது கண்ணுக்குத் தெரிகிறது. வட்டாரப் பேரிடர்களில் பல நாட்டு ராணுவங்களின் உதவியை ஒருங்கிணைக்கச் சாங்கியில் 2014 முதல் ஒரு மையமே இயங்குகிறது.

ஆனால் பேரிடரில் உதவுவதுதான் ஆசை என்றால் அதற்குச் சீருடை கட்டாயம் இல்லை. 2010-ல் ஹைத்தி நிலநடுக்கத்தின்போது உலகம் முழுக்க இருந்து சாதாரண ஆட்கள் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சாலைகளையும் கூடாரங்களையும் வரைந்தார்கள். இன்றும் அந்த வேலை நடக்கிறது. வீவக அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில், பிள்ளை தூங்கிய பிறகு, ஒரு மணி நேரம் செய்யலாம். செய்ததை யாருக்கும் காட்டலாம், வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் சொல்லலாம். தொழில் வளர்ச்சிக்குக் கணக்குப் பார்த்தால், ஆண்டுக்கு 14 நாள் முகாமைவிட இது அதிகம் கொடுக்கும் என்பது என் கணிப்பு. கூட நடக்கும் ஆட்கள் மட்டும் இதில் கிடைக்க மாட்டார்கள். திரைக்கு முன்னால் தனியாகத்தான் உட்கார வேண்டும்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது, இந்த முறை பூன் லேயில் அக்கா வீட்டில் இருந்தோம். அக்கா எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, “லாரி ஓட்டுனா ஓட்டிட்டுப் போறான், வெயில்ல நடக்காம உட்கார்ந்துதானே வேலை” என்றார். அம்மாக்களின் ஒப்பீட்டில் வேறு அளவுகோல் இருக்கிறது.

என் தீர்ப்பைக் கேட்டால், மருமகன் இஇடிஎஸ்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கிடைத்தால் சுற்று முடியும் வரை அவன் மூளை முகாமிலும் பயன்படும். கிடைக்காவிட்டால் லாரி இருக்கிறது, நண்பர்கள் இருக்கிறார்கள், எதுவும் கெட்டுப்போகவில்லை. பட்டுக்கோட்டைத் தம்பி முதலில் 3 மாதம் ராத்திரிகளில் மேசையில் உட்கார்ந்து வரைந்து பார்க்கட்டும். அதிலேயே மனம் நிறைந்துவிட்டால் அவருக்கு வேண்டியிருந்தது வரைபடம். நிறையவில்லை என்றால் அவருக்கு வேண்டியிருப்பது முகாம். மாஜுவுக்குப் போகட்டும், காவல் வேலை கிடைத்தாலும் சரி என்ற நினைப்போடு.

அவர் 3 மாதம் காத்திருக்கவில்லை. போன வாரம் ஜூரோங் வெஸ்ட் அரங்கத்தில் ஓடிக்கொண்டிருந்ததாகப் படம் அனுப்பியிருந்தார். 2.4 கிலோமீட்டருக்கு 16 நிமிஷம் ஆகிறதாம். “அண்ணே, கேம்ப்ல சைவச் சாப்பாடு கிடைக்குமா?” என்று கீழே ஒரு கேள்வி. கிடைக்கும், முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும் என்று பதில் போட்டேன்.

மருமகனுக்கு அதற்குள் எஸ்ஏஎஃப் 100 என்ற முகாம் அழைப்பாணை வந்துவிட்டது. இந்த ஐசிடியை லாரியிலேயே முடித்துவிட்டுத்தான் விண்ணப்பம் போடுவானாம். கூட இருப்பவர்களிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறான். கடைசி ராத்திரி கேன்டீனில் சொல்லலாம் என்று நினைத்திருக்கிறான், மீன்குஞ்சுக்காரர் இல்லாத நேரமாகப் பார்த்து.